முகவரி இல்லாத கூட்டம்

2022 அக்டோபர் 15 அன்று அமெரிக்காவின் டென்னசி மாநிலம் நாக்ஸ்வில் நகரில் உள்ள நேலண்ட் ஸ்டேடியம் நிரம்பி வழிந்தது. கொள்ளளவு 1,01,915. அலபாமா பல்கலைக்கழகத்திடம் தொடர்ந்து பதினைந்து ஆண்டுகள் தோற்றிருந்த டென்னசி பல்கலைக்கழக அணி, ஆட்டத்தின் கடைசி உதையில் 52–49 என்று வென்றது. கேலரியில் இருந்தவர்கள் களத்துக்குள் பாய்ந்தார்கள். அமெரிக்கக் கால்பந்தின் கோல் கம்பம் வலை கட்டிய சட்டமல்ல. தரையிலிருந்து ஒற்றைத் தண்டாக எழுந்து மேலே இரண்டாகப் பிரியும் உயரமான உலோகக் கம்பம். அதைப் பிடுங்கித் தோளில் சுமந்துபோய், ஸ்டேடியத்தை ஒட்டி ஓடும் டென்னசி ஆற்றில் போட்டார்கள். அணி சார்ந்த கூட்டமைப்பு பல்கலைக்கழகத்துக்கு 1,00,000 டாலர் அபராதம் விதித்தது. பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையோ, புதுக் கம்பம் நட வேண்டும் என்று சொல்லி ரசிகர்களிடமே நன்கொடை கேட்டது. இலக்கு 1,50,000 டாலர். வெற்றிக் களிப்பில் இருந்தவர்கள் சந்தோஷமாகக் கொடுத்தார்கள்.

குற்றமும் தண்டனையும் பரிகாரமும் ஒரே வாரத்துக் கொண்டாட்டத்தில் கரைந்துபோயின. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் ரசிகர் ஒழுங்கு விதிகள் படும் பாட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. விதிகள் ஏராளமாக இருக்கின்றன. ஒவ்வொரு விதியும் யாரைப் போய்த் தொடுகிறது என்று பார்க்கும்போதுதான் சிக்கல் தெரிகிறது.

அங்கே பல்கலைக்கழக அணிகள் கூட்டமைப்புகளாகச் சேர்ந்து ஆடுகின்றன. தேசிய அமைப்பான என்சிஏஏ ஆட்ட விதிகளையும் வீரர்களின் தகுதியையும் பார்த்துக்கொள்கிறது; ரசிகர்கள் களம் புகுவதற்கான தண்டனையைப் பெரும்பாலும் கூட்டமைப்புகளே வகுக்கின்றன. இவற்றில் பணமும் ஆவேசமும் மிகுந்தது தென்கிழக்கு மாநிலங்களின் எஸ்இசி. 2004-இல் அது முதன்முதலாகக் களம் புகுதலுக்கு அபராதம் வகுத்தபோது, முதல் தடவைக்கு 5,000 டாலர், அடுத்ததற்கு 25,000, மூன்றாவதற்கு 50,000 என்று இருந்தது. 2015-இல் அது 50,000, 1,00,000, 2,50,000 ஆனது. 2023-இல் மறுபடியும் உயர்ந்து 1,00,000, 2,50,000, 5,00,000 என்று நின்றது. 2025-இல் படிக்கட்டையே எடுத்துவிட்டு, முதல் தடவையானாலும் ஐந்து லட்சம் டாலர் என்று அறிவித்துவிட்டார்கள்.

இருபது ஆண்டுகளில் முதல் தவறின் விலை நூறு மடங்கு ஏறியிருக்கிறது. களம் புகுவது நின்றதா? 2024 அக்டோபர் 5 அன்று, 1984-க்குப் பிறகு அலபாமாவை வென்றிராத வேண்டர்பில்ட் பல்கலைக்கழகம், தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அந்த அணியை 40–35 என்று தோற்கடித்தது. நாஷ்வில் தெருக்கள் வழியாகக் கோல் கம்பம் ஊர்வலம் போய் கம்பர்லேண்ட் ஆற்றில் விழுந்தது. அபராதம் 1,00,000 டாலர். பிறகு அந்தக் கம்பத்தைத் துண்டுகளாக்கி நினைவுப் பொருளாக விற்கவும் செய்தார்கள்.

பெரிய எஸ்இசி பல்கலைக்கழகம் ஒன்றின் விளையாட்டுத் துறை ஆண்டுக்கு 20 கோடி டாலருக்கு மேல் புரட்டுகிறது. அதற்கு ஐந்து லட்சம் என்பது ஒரு செலவுக் கணக்கு. நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வெற்றியின் காட்சி தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடுவதால் கிடைக்கும் விளம்பரத்துக்கு அது மலிவு என்றே எந்த நிர்வாகியும் மனதுக்குள் கணக்குப் போடுவார். 2023-இல் இன்னொரு மாற்றமும் வந்தது. அதுவரை உதவித்தொகை நிதிக்குப் போய்க்கொண்டிருந்த அபராதம், கூட்டமைப்புக்குள் நடக்கும் ஆட்டங்களில் இனி எதிரணிப் பல்கலைக்கழகத்துக்கே போகும் என்றார்கள். ஜென்ம எதிரிக்குக் காசோலை எழுதுவது நிர்வாகிக்குக் கசக்கும்தான். கேலரியில் நிற்கும் பத்தொன்பது வயதுப் பையனின் சட்டைப்பையிலிருந்து ஒரு காசும் போவதில்லையே. அவனுக்கு அந்த அபராதம் செய்தித் தலைப்பு, சொல்லப்போனால் பெருமை.

இதெல்லாம் வெறும் களிப்பு, விட்டுவிடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. 1993 அக்டோபர் 30-ஐ அவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். மேடிசன் நகரின் கேம்ப் ராண்டல் ஸ்டேடியத்தில் விஸ்கான்சின் அணி மிச்சிகனை 13–10 என்று வென்ற கணத்தில் மாணவர் பகுதி முழுவதும் கீழ்நோக்கி நகர்ந்தது. தடுப்புக் கம்பிகளும் வேலியும் அவர்களைக் களத்துக்கு வெளியே நிறுத்தின. பின்னாலிருந்து வந்த நெரிசல் முன்வரிசையில் இருந்தவர்களைக் கம்பியோடு நசுக்கியது. எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். அன்று யாரும் சாகாததற்கு, வென்ற அணியின் வீரர்களே ஓடிவந்து சிக்கியவர்களை இழுத்துப் போட்டதும் ஒரு காரணம். கூட்டத்தைத் தடுக்க வைத்த வேலியே கூட்டத்துக்கு எமனாகும் என்பதை 1989-இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் உலகம் ஏற்கெனவே பார்த்திருந்தது. அதனால்தான் அனுபவமுள்ள பாதுகாப்பு அதிகாரி, நெரிசல் ஒரு அளவைத் தாண்டிவிட்டால் கதவைத் திறந்துவிடச் சொல்வார். விதி மீறப்படுவது உயிர் போவதைவிட மேல்.

கோல் கம்பங்களின் கதை இன்னும் கொடியது. 2001-இல் இந்தியானாவின் பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கூட்டம் சாய்த்த கம்பம் ஒரு மாணவர் மீது விழுந்து அவரை முடமாக்கியது. 2005-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் மோரிஸ் வளாகத்தில் ஒரு மாணவர் இறந்தே போனார். பால் ஸ்டேட் விவகாரம் நீதிமன்றம் போனபோது வெளியான தகவல் ஒன்று மறக்க முடியாதது: வெற்றி நெருங்கியபோது, கோல் கம்பம் தனிமையில் வாடுகிறது என்ற பொருள்படும் வாசகம் மைதானத்தின் ஸ்கோர்போர்டிலேயே ஒளிர்ந்ததாம். ஒலிபெருக்கியில் இறங்காதே என்பார்கள், திரையில் இறங்கு என்பார்கள். இந்த இரட்டை நாக்கு அந்த ஒரு கல்லூரியோடு நின்றுவிடவில்லை. சேர்க்கை விளம்பரப் படங்களில் களம் புகும் மாணவர் கூட்டத்தைக் காட்டாத பெரிய பல்கலைக்கழகம் அரிது.

கூடைப்பந்தில் ஆபத்து வேறு மாதிரி. களம் சிறியது, பார்வையாளர் இருக்கை ஆட்டக்கோட்டை ஒட்டியே இருக்கிறது, தோற்ற அணி கைகுலுக்கிவிட்டு நகர்வதற்குள் கூட்டம் வந்துவிடுகிறது. 2024 ஜனவரி 21 அன்று ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், பெண்கள் கூடைப்பந்தின் அன்றைய பெரும் நட்சத்திரமான ஐயோவாவின் கேட்லின் கிளார்க் களத்தைவிட்டு ஓடும்போது, உள்ளே ஓடிவந்த ரசிகை ஒருவர் மோதியதில் கீழே விழுந்தார். ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 24 அன்று, வேக் ஃபாரஸ்ட் வெற்றியைக் கொண்டாடப் புகுந்த கூட்டத்தில் டியூக் அணியின் கைல் ஃபிலிப்போவ்ஸ்கி முழங்காலில் அடிபட்டு, சக வீரர்கள் தாங்கிப் பிடிக்க வெளியேறினார். நாடெங்கும் விவாதம் மூண்டது. அலபாமாவின் விளையாட்டுத் துறை இயக்குநர் கிரெக் பர்ன், எதிரணியும் நடுவர்களும் வெளியேறுமுன் ரசிகர்கள் களம் புகுந்தால் வென்ற ஆட்டம் தோல்வியாகக் கணக்கிடப்பட வேண்டும் என்றார். தொலைக்காட்சி விமர்சகர் ஜே பிலாஸ், புகுந்தவர்களை வெளியே விடாமல் நிறுத்திவைத்து ஒவ்வொருவருக்கும் போலீஸ் நோட்டீஸ் கொடுங்கள், அதோடு நின்றுவிடும் என்றார்.

இரண்டும் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன. தண்டனை, செய்தவன் மேல் விழ வேண்டும். இல்லையென்றால் அவன் உயிராய் நினைப்பதன் மேல் விழ வேண்டும். பிலாஸின் யோசனை நடைமுறைக்கு ஒவ்வாது. ஆயிரக்கணக்கானோரைக் களத்தில் அடைத்துவைக்க முயன்றால் கேம்ப் ராண்டலை நாமே வரவழைத்துக்கொள்வோம். பர்னின் யோசனை கூர்மையானது. ஆனால் அதற்கு எந்தக் கூட்டமைப்பும் ஓட்டுப் போடாது. எதிரணிச் சட்டை போட்ட நான்கு பேர் வேண்டுமென்றே முதலில் குதித்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கும் அதில் பதில் இல்லை.

பொருள்களை வீசுவதில் இந்தச் சிக்கல் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. 2021 அக்டோபர் 16 அன்று அதே நேலண்ட் ஸ்டேடியத்தில் நடுவர் தீர்ப்பு ஒன்று பிடிக்காமல் ரசிகர்கள் பாட்டில்களை வீச, ஆட்டம் ஏறத்தாழ இருபது நிமிடம் நின்றது. எதிரணியான மிசிசிப்பியின் பயிற்சியாளர் லேன் கிஃபின் மேல் கோல்ஃப் பந்து ஒன்று விழுந்தது. கடுகு சாஸ் பாட்டில்கூடக் களத்தில் கிடந்தது. கோல்ஃப் பந்தைப் பையில் போட்டுக்கொண்டு கால்பந்து பார்க்க வருபவரின் முன்யோசனையை என்னவென்று சொல்வது! எஸ்இசி 2,50,000 டாலர் அபராதம் விதித்ததோடு, கிடைக்கும் எல்லா வழிகளையும் பயன்படுத்தி வீசியவர்களைக் கண்டறிந்து அந்தக் கல்வியாண்டு முடியும்வரை உள்ளே விடக்கூடாது என்றும் உத்தரவிட்டது. 2024 அக்டோபர் 19 அன்று ஆஸ்டின் நகரில் டெக்சாஸ் ரசிகர்கள் ஜார்ஜியாவுக்கு எதிரான ஆட்டத்தில் அதையே செய்தபோதும் 2,50,000 டாலர், அதே மாதிரியான உத்தரவு. ஆனால் ஆஸ்டினில் ஒரு கூடுதல் விபரீதம். பாட்டில்கள் பறந்து ஆட்டம் நின்ற இடைவெளியில் நடுவர்கள் கூடிப் பேசித் தங்கள் தீர்ப்பை டெக்சாஸுக்குச் சாதகமாக மாற்றினார்கள். மாற்றிய தீர்ப்பே சரியானது என்று பலர் கருதினாலும், வீசினால் பலன் உண்டு என்று கூட்டம் புரிந்துகொள்ளும் அபாயத்தை எந்த அபராதமும் அழிக்காது.

இங்கேதான் பிக் 12 கூட்டமைப்பு வேறு வழி பிடித்தது. டெக்சாஸ் டெக் ரசிகர்களுக்கு ஆட்டத் தொடக்கத்தில் டார்டியா வீசும் பழக்கம் பல்லாண்டுகளாக உண்டு. டார்டியா என்பது மெக்சிகோ நாட்டுச் சப்பாத்தி. 2025 பருவத்துக்கு முன், எச்சரித்த பிறகும் களத்தில் பொருள்கள் விழுந்தால் சொந்த அணிக்கே 15 கெஜம் தண்டம் என்று முடிவானது. அக்டோபரில் கேன்சஸ் ஆட்டத்தில் டெக்சாஸ் டெக் அந்தத் தண்டத்தை இரண்டு முறை வாங்கியது. பயிற்சியாளர் ஜோயி மெக்கையர், நிறுத்துங்கள் என்று ரசிகர்களிடம் கேட்டுக்கொண்டார். ஐந்து லட்சம் டாலருக்கு மசியாத மனம் 15 கெஜத்துக்கு மசியக் காரணம் எளிது. அபராதம் கட்டுவது அலுவலகம். 15 கெஜத்தை இழப்பது அவன் கண்ணெதிரே ஆடும் அணி. வீசாத பக்கத்து இருக்கைக்காரன் அப்போது காவல்காரனாகிவிடுகிறான். கல்லூரிக் கூடைப்பந்திலும் உள்ளூர்ப் பார்வையாளர்கள் பொருள் வீசி ஆட்டத்தை நிறுத்தினால் அணிக்கு டெக்னிக்கல் ஃபவுல் கொடுக்க நடுவருக்கு அதிகாரம் உண்டு. நடுவர்கள் அதை எடுக்கத் தயங்குகிறார்கள் என்பது வேறு விஷயம்.

கையால் செய்வதைத் தடுப்பது இவ்வளவு கடினமென்றால், வாயால் செய்வது?

1988 பிப்ரவரியில் அரிசோனா அணியின் ஸ்டீவ் கெர், டெம்பி நகரில் ஆட்டத்துக்கு முன் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, அரிசோனா ஸ்டேட் ரசிகர்கள் சிலர் அவருடைய அப்பாவின் கொலையைச் சொல்லிக் கூவினார்கள். அப்பா மால்கம் கெர், பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்து 1984-இல் சுட்டுக் கொல்லப்பட்டவர். கெர் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டார். பிறகு ஆடப் போய் முதல் பாதியிலேயே ஆறு மூன்று-புள்ளிக் கூடைகள் போட்டார். அந்தப் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. கூவியவர்களைச் சட்டப்படி என்ன செய்திருக்க முடியும் என்று கேட்டால் பதில் சங்கடமானது. அரிசோனா ஸ்டேட் அரசுப் பல்கலைக்கழகம். பேச்சுரிமையைக் காக்கும் அரசியல் சட்ட முதல் திருத்தம் அதைக் கட்டுப்படுத்தும். அருவருப்பான சொல் என்பதற்காக மட்டும் ஒருவரைத் தண்டிக்க முடியாது என்று 1971-இலேயே கோஹன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2004-இல் மேரிலாந்து பல்கலைக்கழகம் இதே கேள்வியில் மாட்டியது. டியூக் அணியின் ஜே. ஜே. ரெடிக்கைக் குறிவைத்து மாணவர்கள் போட்ட கெட்ட வார்த்தைக் கோஷம் தொலைக்காட்சியில் நாடு முழுவதும் கேட்டது. மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம், கவனமாக எழுதப்பட்ட விதி அரசியல் சட்டத்துக்கு உட்பட்டே இருக்க முடியும் என்று கருத்துச் சொன்னது. ஆனால் பல்கலைக்கழகம் தடை விதிக்காமல் மாணவர்களைக் கூட்டிப் பேசித் தீர்க்கவே விரும்பியது. நுழைவுச்சீட்டு வெறும் அனுமதி, உரிமையாளர் எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பெறலாம் என்று 1913-இல் ஒரு குதிரைப் பந்தய மைதான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். தனியார் கல்லூரிக்கு அது போதும். அரசுக் கல்லூரி அந்தச் சீட்டைப் பறிக்கும்போது, ஏன் பறிக்கிறாய் என்ற கேள்வி கூடவே வரும்.

இந்த இடைவெளியில் கூட்டமைப்புகள் புகுந்துகொள்கின்றன. என்சிஏஏ அரசின் கை அல்ல என்று 1988-இல் டார்க்கேனியன் வழக்கில் தீர்ப்பானது. 2025 செப்டம்பரில் பிரிகம் யங் பல்கலைக்கழக அணி கொலராடோவில் ஆடியபோது, அந்தப் பல்கலைக்கழகம் சார்ந்த மார்மன் சமயத்தை இழிவுபடுத்தும் கோஷம் எழுந்தது. பிக் 12 கொலராடோவுக்கு 50,000 டாலர் அபராதம் விதித்தது. கோஷமிட்ட மாணவனை அரசுக் கல்லூரி தண்டிக்க முடியாது. கல்லூரியைத் தனியார் கூட்டமைப்பு தண்டிக்கும். சட்டப்படி இது நிற்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் கல்லூரிக்கு அது கொடுக்கும் அழுத்தம், தானே செய்யக் கூடாததை வேறு பெயரில் செய்யும்படி அதைத் தள்ளும்.

பேச்சு விஷயத்தில் எனக்குத் தெரிந்து நன்றாக வேலை செய்த நடவடிக்கை ஒரு கடிதம். 1984 ஜனவரியில் டியூக் மாணவர்கள், பாலியல் குற்றச்சாட்டுக்கு ஆளாகியிருந்த மேரிலாந்து வீரர் ஒருவரை நோக்கிப் பெண்களின் உள்ளாடைகளை வீசிக் கேவலமாக நடந்துகொண்டார்கள். பல்கலைக்கழகத் தலைவர் டெர்ரி சான்ஃபோர்ட், வட கரோலினாவின் முன்னாள் ஆளுநர், அவர்களுக்குத் தாய்மாமன் தோரணையில் ஒரு கடிதம் எழுதினார். மிரட்டல் இல்லை, தடை இல்லை. கேலியில் அறிவு இருக்கட்டும், ஆபாசம் வேண்டாம் என்பதே சாரம். ‘டெர்ரி மாமா’ என்று கையெழுத்திட்டார். அடுத்த ஆட்டத்துக்கு மாணவர்கள் தலையில் தேவதைகளின் ஒளிவட்டம் செய்து மாட்டிக்கொண்டு வந்தார்கள். நடுவர் தீர்ப்பு பிடிக்காதபோது வழக்கமான வசவுக்குப் பதிலாக, தாழ்மையுடன் மாறுபடுகிறோம் என்று கோஷம் போட்டார்கள். சிறிய தனியார் கல்லூரி, மதிக்கப்பட்ட தலைவர், ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர் கொள்ளும் அரங்கம் — இந்தச் சூழல் எல்லோருக்கும் வாய்க்காது. லட்சம் பேர் கொண்ட மைதானத்தில் மாமாவின் கடிதத்தைப் படிப்பவர் யார்? இருந்தாலும் அந்தக் கடிதத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. அது கூட்டத்தைக் குற்றவாளியாக்காமல் கெட்டிக்காரர்களாக நடத்தியது. அரிசோனா ஸ்டேட்டில் 2013 முதல், எதிரணி வீரர் ஃப்ரீ த்ரோ போடும்போது கூடைக்குப் பின்னால் திரையை விலக்கி விசித்திர வேடங்களில் மாணவர்கள் ஆடும் வேடிக்கையும் இதே வகைதான். 2016-இல் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸே ஜட்டியோடு அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து வந்தார். கூட்டத்தின் ஆவேசத்துக்கு வேலை கொடுத்துவிட்டார்கள்.

தனிநபரைத் தண்டிப்பதே தீர்வு என்று சொல்லிக்கொண்டு வந்த நான், அதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2022 ஆகஸ்ட் 26 அன்று யூட்டாவில் பிரிகம் யங் பல்கலைக்கழகத்துடன் கைப்பந்து ஆடிய டியூக் அணியின் கறுப்பின வீராங்கனை ரேச்சல் ரிச்சர்ட்சன், பார்வையாளர் பகுதியிலிருந்து இனவெறி வசவுகளைக் கேட்டதாகச் சொன்னார். நாடு கொதித்தது. பல்கலைக்கழகம் உடனே ஒரு ரசிகரைத் தன் எல்லா விளையாட்டு அரங்குகளிலிருந்தும் தடை செய்தது. தென் கரோலினாவின் பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர் டான் ஸ்டேலி, அந்தப் பல்கலைக்கழகத்தோடு ஆடவிருந்த ஆட்டங்களை ரத்து செய்தார். செப்டம்பர் 9 அன்று, ஐம்பதுக்கும் மேற்பட்டோரை விசாரித்து ஒலி, ஒளிப் பதிவுகளைப் பார்த்த பிறகு, குற்றச்சாட்டை உறுதிசெய்யும் ஆதாரம் கிடைக்கவில்லை என்று பல்கலைக்கழகம் அறிவித்து, தடையை நீக்கி அந்த ரசிகரிடம் மன்னிப்பும் கேட்டது. டியூக் நிர்வாகம் தன் வீராங்கனைகளின் பக்கமே நின்றது. ஆதாரம் கிடைக்கவில்லை என்பதால் அந்த வீராங்கனை பொய் சொன்னார் என்று ஆகாது; ஆயிரக்கணக்கானோர் கத்தும் இடத்தில் ஒரு சொல் பதிவில் சிக்காமல் போகலாம். அதே காரணத்தால்தான், கோபம் தணியுமுன் ஒருவரைப் பிடித்துக் காட்டும் அவசரமும் ஆபத்தானது. கூட்டத்துக்கு முகவரி இல்லாதபோது, கையில் கிடைக்கும் முகவரியில் தண்டனையை ஒட்டிவிடத் தோன்றும்.

மதுவைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் 2011-இல் ஸ்டேடியத்துக்குள் பீர் விற்கத் தொடங்கியபோது பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். கூடவே அவர்கள் செய்த மாற்றம்தான் முக்கியம்: இடைவேளையில் வெளியே போய்க் கார் டிக்கியில் இருப்பதைக் குடித்துவிட்டுத் திரும்பும் வழக்கத்தை ஒழித்தார்கள். ஆட்ட நாள் தொல்லைகள் குறைந்தன. எஸ்இசி 2019-இல் விற்பனைக்கு வழிவிட்டபோது ஒவ்வொரு முறையும் வயது அடையாளம் பார்ப்பது, கால்பந்தில் மூன்றாம் கால் பகுதியோடு கடையை மூடுவது போன்ற நிபந்தனைகளைச் சேர்த்தது. குடிப்பதைத் தடுப்பதைவிட, எங்கே, எப்போது, எவ்வளவு என்று பிடியில் வைத்திருப்பது எளிது.

நீதிமன்றங்களும் தங்கள் பங்குக்கு நிர்வாகிகளை நெருக்குகின்றன. நாட்ரடேம் பல்கலைக்கழகத்தில், கேலரிக்குள் உதைபட்டு வந்த பந்தைப் பிடிக்கப் பாய்ந்தவர்களால் காயமடைந்த பார்வையாளர் ஒருவர் தொடுத்த வழக்கில், ஒவ்வொரு ஆட்டத்திலும் நடக்கும் இந்தத் தள்ளுமுள்ளு எதிர்பார்க்கக்கூடியதே, எனவே தடுக்கும் கடமை பல்கலைக்கழகத்துக்கு உண்டு என்று இந்தியானா மேல்முறையீட்டு நீதிமன்றம் 1999-இல் சொன்னது. குடித்துவிட்டு வாகன நிறுத்துமிடத்தில் சண்டை போட்டவர்களில் ஒருவர் மேலே விழுந்து ஒரு பெண்ணின் கால் முறிந்த வழக்கில் 1983-இலேயே அந்த நீதிமன்றம் இதே திசையில் போயிருந்தது. முன்பே தெரியும் என்றால் பொறுப்பும் உண்டு. களம் புகுதல் எல்லோருக்கும் முன்பே தெரிந்ததுதான்.

அப்படியானால் செய்யக்கூடியது என்ன? கையில் உள்ள மிகப் பெரிய ஆயுதம் மாணவர் அடையாள அட்டை. மாணவர் பகுதிக்குள் நுழைய அட்டையை ஸ்கேன் செய்தாக வேண்டும். வருகைக்குப் புள்ளிகள் கொடுத்துப் பெரிய ஆட்டங்களுக்கு முன்னுரிமை தரும் முறை பல இடங்களில் இருக்கிறது. அடுத்த பெரிய ஆட்டத்துக்கு உன் அட்டை வேலை செய்யாது என்பது அவனுக்கு உறைக்கும் மொழி. மாணவர்கள் தாங்களே விதியை நடத்தும் வழியும் உண்டு. டியூக்கில் வட கரோலினா ஆட்டத்துக்காக வாரக்கணக்கில் கூடாரம் போட்டு வரிசையில் காத்திருப்பவர்களைக் கண்காணிப்பது மாணவர்களே. இரவில் ஆள் இல்லாத கூடாரத்தை அவர்களே தயவுதாட்சண்யமின்றி வரிசையிலிருந்து நீக்குகிறார்கள். ஒஹையோ ஸ்டேட்டில் 2002-இல் மிச்சிகனை வென்ற இரவில் வளாகத்தைச் சுற்றிக் கார்கள் எரிந்த பிறகு, கலவரக் குற்றம் நிரூபிக்கப்பட்டவருக்கு அரசுக் கல்வி உதவி கிடைக்காமல் செய்யும் சட்டத்தை அந்த மாநிலம் கொண்டுவந்தது. ஏழை மாணவனை மட்டும் உரசும் தண்டனை அது. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு அது தண்டனையே அல்ல. அதை நான் ஆதரிக்க மாட்டேன்.

இன்னொரு வழி, தடுப்பதை விட்டுவிட்டு நேரத்தை நிர்வகிப்பது. தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஒவ்வோர் உள்ளூர் ஆட்டத்துக்குப் பிறகும் ரசிகர்கள் களத்தில் இறங்கி, நடுவில் வரைந்திருக்கும் புலிப்பாதத்தைச் சுற்றிக் கூடுவது பழைய வழக்கம். எப்போதும் கிடைக்கும் ஒன்றுக்காக யாரும் தடுப்பை முட்டி மோதுவதில்லை. கிளெம்சன் சார்ந்த ஏசிசி கூட்டமைப்பும் 2025-இல் அபராதம் கொண்டுவந்தது. இரண்டு ஆண்டு கால அளவுக்குள் முதல் மீறலுக்கு 50,000, அடுத்து 1,00,000, பிறகு 2,00,000 டாலர். ஆனால் அந்த விதி அழுத்தம் கொடுப்பது எதிரணியும் நடுவர்களும் பத்திரமாக வெளியேறுவதற்கு. அதற்குத் தேவை சில நிமிடங்களும், அணிகளின் அறைக்குப் போகும் வழியை மட்டும் பிரித்துக் காக்கும் கயிறும், அந்த ஒரு வழியில் குவிக்கப்பட்ட காவலர்களும். களம் முழுவதையும் காப்பதைவிட அந்த ஒரு வழியைக் காப்பதற்கு ஆள் குறைவாகவே ஆகும்.